ஈர மருந்தும் இருட்டு மிருகமும்: வாசகர் கேள்வி – பதில்

1764 முதல் 1767 வரை தென் பிரான்சின் ஜெவோதான் மலைநாட்டில், மாடு மேய்க்கப் போன பிள்ளைகளையும் பெண்களையும் ஒரு மிருகம் கொன்று தின்றது. இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அதை வைத்து 2001-இல் வந்த பிரெஞ்சுப் படம் ‘பிரதர்ஹுட் ஆஃப் தி உல்ஃப்’. சென்ற இதழில் அந்தப் படத்தைப் பற்றி எழுதியதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதி வரலாறு, பாதி படப்பிடிப்பு. பிரிக்காமல் வந்த வரிசையிலேயே பதில் தருகிறோம்.

படத்தில் எது நிஜம், எது கப்சா?
(வாசகர், ஈரோடு)

இடம், காலம், சாவு, பயம் எல்லாம் நிஜம். நாயகன் ஃப்ரோன்சாக்கும் அவன் தோழன் மானியும் கற்பனை. மழையில் நடக்கும் அந்தக் குங்ஃபூ சண்டை ஹாங்காங் சினிமா கொடுத்த சீதனம். 1764-இல் அந்த ஊரில் தடியடிதான் நடந்திருக்கும். குதிரைப்படைத் தலைவர் துஆமெல், இளம் பிரபு தாப்ஷே, வேட்டைக்காரர் ழான் ஷாஸ்தெல் ஆகியோர் உண்மையில் வாழ்ந்தவர்கள். ஆனால் படத்தில் வரும் ஷாஸ்தெல்லுக்கும் ஆவணங்களில் வரும் ஷாஸ்தெல்லுக்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர அதிகம் ஒட்டுறவு இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மன்னரின் துப்பாக்கிக் காவலராக வந்து பெரிய ஓநாயைச் சுட்டவர் பெயர் பிரான்சுவா ஆந்துவான். ‘பொதேர்ன்’ என்ற பட்டம் அவருடைய மகனுக்கு உரியது. படத்தில் அப்பாவுக்கே அந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டார்கள். பல புத்தகங்களும் இதே தவறைச் செய்வதால் சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

இருபதாயிரம் பேர் சேர்ந்தும் ஒரு மிருகத்தைப் பிடிக்க முடியவில்லை என்பது நம்பும்படியாக இல்லையே?
(வாசகி, நாமக்கல்)

கணக்குப் போட்டால் நம்பிவிடுவீர்கள். 1765 பிப்ரவரி 7-இல் நடந்த பெரிய வேட்டைக்குச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். ஐந்து மீட்டருக்கு ஓர் ஆள் என்று நிறுத்தினால் நூறு கிலோமீட்டர் வரிசை கிடைக்கும். அதையே வட்டமாக வளைத்தால் குறுக்களவு 32 கிலோமீட்டருக்கு மேல் போகாது. மிருகம் உலவிய பரப்போ ஏறத்தாழ 90-க்கு 80 கிலோமீட்டர். அதுவும் மைதானம் அல்ல. மார்ஜெரீத் மலைத்தொடரின் கருங்கல் பாறை, பைன் காடு, காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் சேற்று நிலம். ஐந்து மீட்டர் இடைவெளி அந்தக் காட்டுக்குள் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஒருவர் பாறையைச் சுற்றிப் போவார், ஒருவர் சேற்றைத் தவிர்ப்பார், வரிசையில் ஐம்பது மீட்டர் ஓட்டை விழும். ஓநாய்க்கு அது ராஜபாட்டை.

விரட்டு வேட்டையின் முறை எளிது. ஒரு பக்கம் ஆட்கள் கூச்சலிட்டு, தகரம் தட்டி, காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். எதிர்ப்பக்கம் துப்பாக்கிக்காரர்கள் சத்தம் காட்டாமல் நிற்பார்கள். நிற்பவர்கள் மீது பட்டு மிருகத்தை நோக்கிக் காற்று வீசினால் மனித வாடை முன்னால் போய்விடும், வேட்டை அங்கேயே முடிந்தது. அடுத்த சிக்கல் நேரம். கைக்கடிகாரம் இல்லாத காலம். பத்து இருபது கிராமங்கள் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றால் தேவாலய மணியை நம்ப வேண்டும். பனி பெய்தால் மணியோசை அடுத்த பள்ளத்தாக்குக்கு எட்டாது.

அந்த பிப்ரவரி வேட்டையில் மிருகம் கண்ணில் பட்டது, விரட்டவும் விரட்டினார்கள். த்ருயேர் ஆற்றின் அக்கரையில் காவல் நிற்க வேண்டிய ஊர்க்காரர்கள் தங்கள் இடத்தில் இல்லை. மிருகம் நீந்திப் போய்விட்டது. வராதவர்களைத் திட்டுவதற்கு முன் இதையும் பாருங்கள்: வேட்டைக்கு வரும் நாளுக்குக் கூலி கிடையாது. ஊரில் தங்கிய குதிரைப்படை பயிரை மிதித்தது, தின்றதற்குக் காசு தரவில்லை என்று ஏற்கெனவே புகார் இருந்தது. அவர்களுடைய மிருகப் பட்டியலில் அந்தப் படையும் இருந்தது.

துஆமெல் தன் வீரர்களுக்குப் பெண் வேடம் போட்டு மாட்டு மந்தையோடு அனுப்பியும் பார்த்தார். மிருகம் மயங்கவில்லை. இவ்வளவு சுவையான காட்சியைப் படமும் விடவில்லை. தொடக்கத்து மழைச் சண்டையில் வரும் வீரர்கள் பெண் வேடத்தில்தான் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு முறை சுட எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் எடுக்கும் குறும்படத்தில் நாயகன் அடுத்தடுத்து சுடுகிறான்.
(வாசகர், மதுரை)

ஒரு சூடு முடிந்தால் அடுத்ததற்குக் குறைந்தது 20 விநாடி. அதுவும் பயிற்சி பெற்ற படைவீரனுக்கு, நின்ற இடத்தில், கை நடுங்காமல் இருந்தால். எனவே உங்கள் நாயகன் அடுத்தடுத்து சுடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பதிலாக அந்த 20 விநாடியை வெட்டாமல் காட்டுங்கள். அதைவிடப் பயங்கரமான காட்சி உங்களுக்குக் கிடைக்காது.

அது சக்கிமுக்கித் துப்பாக்கி. முதலில் குதிரையை, அதாவது கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலை, பாதி இழுப்பில் நிறுத்துவார்கள். வெடிமருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு சிட்டிகை மருந்தைப் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் கொட்டி, அதன் இரும்பு மூடியைச் சாத்துவார்கள். துப்பாக்கியை நிமிர்த்தி, மிச்ச மருந்தைக் குழல் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே திணித்து, கெட்டிக்கோலை உருவி இறுக இடிப்பார்கள். கோலைத் திரும்பச் செருகி, குதிரையை முழுதாக இழுத்து, குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். பதற்றத்தில் கோலை உள்ளேயே விட்டுச் சுட்டவர்கள் உண்டு. கோல் பறந்துவிடும், அதன் பிறகு கையில் இருப்பது வெறும் தடி.

விசையை அழுத்தியதும் வெடித்துவிடாது. குதிரையின் வாயிலுள்ள கல் மூடியில் உரசிப் பொறி பறக்கும், கிண்ணத்து மருந்து ‘புஸ்’ என்று பற்றும், அந்தத் தீ ஊசித் துளை வழியாக உள்ளே போகும், அப்புறம்தான் ‘டமார்’. இந்தப் புஸ்ஸுக்கும் டமாருக்கும் இடையே கண நேர இடைவெளி உண்டு. ஓடும் மிருகத்தின் மேல் வைத்த குறி தப்ப அது போதும். ஒலிப்பதிவில் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

தவறுவது எங்கே என்று கேட்டால், எல்லா இடத்திலும். கல் மழுங்கினால் பொறி வராது. துளையில் கரி அடைத்தால் கிண்ணம் மட்டும் பற்றி அடங்கிவிடும். தூறலில் கிண்ணத்து மருந்து நனைந்து களியாகும். சுட்டபின் படியும் கரிப்பிசுக்கும் காற்றின் ஈரத்தை இழுக்கும். வேட்டைக்காரர்கள் அந்தப் பகுதியைத் தோல் துண்டால் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். எல்லாம் சரியாக நடந்து குண்டு கிளம்பினாலும், வழவழப்பான குழல் என்பதால் ஐம்பது மீட்டருக்கு மேல் ஒற்றை இலக்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சுட்டவுடன் எழும் வெள்ளைப் புகையில் பட்டதா, படவில்லையா என்று சுட்டவருக்கே தெரியாது.

இதையெல்லாம் யோசித்துத்தான் ஆந்துவான் 1765 செப்டம்பர் 20-இல் தன் நீளக் குழல் துப்பாக்கியில் ஐந்து மடங்கு மருந்து போட்டு, ஒரு குண்டோடு 35 சிறு ரவைக் குண்டுகளையும் கெட்டித்தார். ஓநாய் விழுந்தது, பின்னுதைப்பில் அவரும் தடுமாறினார். விழுந்த ஓநாய் மறுபடி எழுந்து வந்தது. இன்னொருவர் சுட்ட பிறகே அடங்கியது.

படப்பிடிப்புக்கு ஒரு வார்த்தை: குழல் அடைத்த போலித் துப்பாக்கியை மட்டும் பயன்படுத்துங்கள். புகையையும் தீயையும் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டுத்துப்பாக்கியை ‘ஒரு ஷாட்டுக்குத்தானே’ என்று யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஷாஸ்தெல் வெள்ளிக் குண்டால் சுட்டாராமே?
(வாசகர், விருதுநகர்)

வெள்ளி பின்னால் வந்த ஒட்டு. ஈயம் 327 டிகிரியில் உருகும், அடுப்புக் கங்கில் இரும்புக் கரண்டியை வைத்தே குண்டு வார்க்கலாம். வெள்ளிக்கு 962 டிகிரி வேண்டும். தட்டான் உலையும் துருத்தியும் இல்லாமல் ஆகாது. வார்த்தாலும் ஈயத்தைவிடக் கடினம், எடையும் குறைவு. ஷாஸ்தெல் 1767 ஜூன் 19-இல் மோன் மூஷே மலைச்சரிவில் மிருகத்தைச் சுட்டார். கிடைத்த பரிசு 72 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). அதற்கு முன் அறிவிக்கப்பட்டிருந்த தொகைகளோடு ஒப்பிட்டால் அது கைச்செலவுக் காசு. மன்னர் மட்டுமே 6,000 லிவர் சொல்லியிருந்தார்.

அது ஓநாயே இல்லை, கழுதைப்புலி என்று சொல்கிறார்களே?
(வாசகி, கோவை)

பல்லை எண்ணினால் தெரிந்துவிடும். ஷாஸ்தெல் சுட்ட மிருகத்தைப் பிரபு தாப்ஷேயின் கோட்டைக்குக் கொண்டுவந்து அறுத்துப் பார்த்தபோது, மாரென் என்ற நோட்டரி அளவுகளை எழுதிவைத்தார். மேல்தாடையில் 20 பல், கீழ்த்தாடையில் 22, ஆக 42. கழுதைப்புலிக்கு 34 பல்தான். ஓநாய்க்கு 42. நாய்க்கும் 42 என்பதால், நாயும் ஓநாயும் கலந்து பிறந்த கலப்பினம் என்ற வாதத்தைப் பல் கணக்கால் மட்டும் தள்ளிவிட முடியாது. ஒரே மிருகம் என்பதும் சந்தேகம்தான். ஆந்துவான் தன் ஓநாயைக் கொன்று சில மாதங்களிலேயே மறுபடி சாவு விழத் தொடங்கியதே. படத்துக்கு மர்மம் வேண்டும், அதனால் ஆப்பிரிக்கா வரை போனார்கள். அதற்கு மேல் சொன்னால் படம் பார்க்காதவர்கள் எங்களை அடிக்க வருவார்கள்.

விஷம் வைத்திருக்கலாமே?
(வாசகர், தென்காசி)

வைக்காமலா இருந்தார்கள்! அன்றைய பிரான்சில் ஓநாய்க்கு வைக்கும் விஷம் எது தெரியுமா? நம் காட்டு எட்டிமரத்தின் கொட்டை. கிழக்கிலிருந்து கப்பலேறி ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் போன சரக்கு அது. செத்த விலங்கின் உடலில் அதைப் பொதிந்து காட்டோரம் போடுவார்கள். இந்த முறை ஏன் தோற்றது என்றால், மந்தைப் பிள்ளைகளை உயிரோடு பிடித்துத் தின்னும் மிருகம், கிடக்கும் பிணத்தைத் தேடி வருவதற்கு அவசியமில்லை. வந்து தின்று செத்தவை மேய்ப்பு நாய்கள். நாய் போனால் மந்தைக்குக் காவல் போச்சு. வைத்தியமே வியாதியைக் கூட்டிய கதை.

மேய்க்கும் பிள்ளைகளிடம் ஆயுதமே இல்லையா?
(வாசகி, சிவகங்கை)

தடியின் முனையில் கத்தியைக் கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வேட்டை உரிமை பிரபுக்களுக்கு. குடியானவன் வீட்டில் துப்பாக்கி இருப்பது அபூர்வம். ஆனாலும் அந்தக் கத்திக்குச்சி சும்மா இல்லை. 1765 ஜனவரி 12-இல் போர்த்தஃபே என்ற சிறுவனும் அவன் கூட்டாளிகளும் மிருகத்தைச் சூழ்ந்து குத்தி, அது கவ்விய சிறுவனை விடவைத்தார்கள். மன்னர் 15-ஆம் லூயி அவனுக்கு 300 லிவரும் மற்றவர்களுக்குப் பிரித்துக்கொள்ள 350 லிவரும் கொடுத்து, அவனைப் படிக்கவும் வைத்தார்; பிறகு பீரங்கிப் படையில் அதிகாரியானான். அதே ஆண்டு ஆகஸ்டில் மரி-ழான் வாலே என்ற இளம்பெண் ஆற்றைத் தாண்டும்போது பாய்ந்த மிருகத்தின் நெஞ்சில் ஈட்டியை இறக்கினாள். ஓவேர் ஊரில் அவளுக்குச் சிலை இருக்கிறது. இருபதாயிரம் பேரால் ஆகாததை ஆளுக்கொரு குச்சியோடு நின்றவர்கள் பாதியாவது செய்தார்கள். கிட்டத்தில் நின்றார்கள், குச்சி நனைந்தாலும் வேலை செய்யும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டும் ஒரு காட்சி எடுக்க எத்தனை மெழுகுவர்த்தி வேண்டும்?
(வாசகர், சென்னை)

ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ் வெளிச்சம். எஃப் 1.4 லென்ஸ் (துளையின் அகலம்), ஐஎஸ்ஓ 3200 (ஒளியுணர்வு), ஷட்டர் 1/50 விநாடி என்றால் முகம் சரியாகத் தெரிய 8 லக்ஸ் வேண்டும். அதாவது ஒரு மீட்டரில் எட்டு. இரவு என்பதால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) இருட்டாக விடலாம். அப்போது இரண்டு போதும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பதை மறந்தால்தான் ஆபத்து: நடிகர் ஓரடி பின்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். எனவே நாற்காலியைத் தரையில் ஒட்டவைத்ததுபோல் நிறுத்துங்கள். எஃப் 1.4-இல் கூர்மை விரல் அகலம்தான் நிற்கும், மூக்கு தெளிவாகவும் காது கலங்கலாகவும் இருக்கும். இரண்டு மூன்று திரிகளைச் சேர்த்து வார்த்த மெழுகுவர்த்தி செய்துகொண்டால் எண்ணிக்கை குறையும். புகையும் மெழுகு உருகுவதும் கூடும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை.

பகலில் எடுத்து இரவாகக் காட்ட முடியுமா? காட்டில் ஜெனரேட்டர் கொண்டுபோக வசதியில்லை.
(வாசகர், தேனி)

முடியும். சூரியன் நடிகரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அது நிலவொளி விளிம்பாகத் தெரியும். வானம் சட்டகத்துக்குள் வரவே கூடாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து, வெள்ளைச் சமநிலையை (கேமராவின் ஒயிட் பேலன்ஸ்) 3200 முதல் 4000 கெல்வினுக்குள் வைத்து எடுத்து, பிறகு நிறத்தை வெளிறவையுங்கள். உச்சிவெயில் வேண்டாம், காலடியில் குட்டை நிழல் விழுந்தால் நிலவுக்கு ஒட்டாது.

இந்த முறை கைவிடும் இடம் லாந்தர். வெயிலில் லாந்தர் எரிவதே தெரியாது. தீப்பந்தமோ லாந்தரோ வரும் காட்சிகளைச் சூரியன் விழுந்த பின் எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அந்த மங்கல் வெளிச்சம் இருபத்து சொச்சம் நிமிடம்தான். ஒத்திகையை நாலு மணிக்கே முடித்துவிடுங்கள். மூன்று ஷாட்டுக்கு மேல் கனவு காணாதீர்கள்.

மூடுபனிக்கு உலர்பனிக்கட்டி வாங்கினால் ஓர் எச்சரிக்கை. மைனஸ் 78 டிகிரி; வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். இந்த வகைப் படத்தில் பள்ளத்தில் படுத்திருப்பவர் யார்? பிணமாக நடிப்பவர். அவரை நிஜப் பிணமாக்கிவிடக் கூடாது.

மிருகத்தை எப்படிச் செய்வது? எங்கள் மொத்தச் செலவே இரண்டு லட்சம்.
(வாசகர், புதுச்சேரி)

முழு மிருகம் செய்யாதீர்கள். பிரெஞ்சுப் படத்துக்கு ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பொம்மைக் கலைஞர்கள் இயந்திர மிருகம் செய்து, கணினி வரைகலையும் சேர்த்தார்கள். அப்படியும் அது முழுசாக வெளிச்சத்துக்கு வந்து நின்ற பிறகு பயம் இறங்கிவிட்டது என்பதே எங்கள் தீர்ப்பு. உங்களுக்கு மூன்று பாகம் போதும்: கழுத்தோடு ஒரு தலை, ஒரு முன்னங்கால், முதுகு ரோமம் ஒரு கஜம். தலை மூன்று கிலோவைத் தாண்டினால் பிடிப்பவர் கை நடுங்கும். அந்த நடுக்கம் அப்படியே திரையில் தெரியும். செயற்கை ரோமத்தைப் புதுசாக வைத்து எடுத்தால் பொம்மைக் கரடிதான் நினைவுக்கு வரும். வாலை நோக்கி வாரி, தண்ணீரும் ஜெல்லும் களிமண்ணும் தடவி, கொத்துக்கொத்தாக ஒட்டவிடுங்கள். தலை ஷாட்டை விநாடிக்கு 20 சட்டகமாக எடுத்து 24-இல் ஓட்டினால் அசைவு 1.2 மடங்கு வேகமாகும், ரப்பர் மந்தம் மறையும். ஒரு விநாடிக்கு மேல் எந்த ஷாட்டும் வேண்டாம்.

மிச்ச நேரம் முழுக்கப் புல் அசையட்டும். தூண்டில் நரம்பைப் புல் கத்தையில் கட்டித் தூரத்திலிருந்து இழுத்தால் போதும், செலவு நூறு ரூபாய். மாடுகள் ஒரே திசையில் தலையைத் தூக்கிப் பார்க்கும் ஷாட் கிடைத்தால் அதற்கு விலையே கிடையாது. ஆனால் மாட்டை வைத்து எடுத்தாலும் விலங்கு நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்கும். நிஜ ஓநாயை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ரத்தம்?
(வாசகி, திருநெல்வேலி)

இரண்டு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர், அரை மூடி எலுமிச்சைச் சாறு. கம்பிப் பதம் வருவதற்கு முன்பே இறக்குங்கள். எலுமிச்சை இல்லாவிட்டால் ஆறியதும் பூத்து, ரத்தம் மணல்மணலாகத் தெரியும். சமையல் சிவப்பு இரண்டு தேக்கரண்டி, கொக்கோ ஒன்று, நீலம் ஒரே சொட்டு. கொக்கோ போடாவிட்டால் பெயிண்ட் மாதிரி இருக்கும். துணிக்குப் போகும் பங்கில் மட்டும் கொஞ்சம் திரவ சோப்பு கலந்தால் கறை எளிதில் போகும். வாயில் வைக்கும் பங்கில் கலக்காதீர்கள். காட்டில் பத்து நிமிடத்தில் எறும்பு வரும். பிணமாகக் கிடப்பவருக்குக் கடைசியில் பூசுங்கள், முதலில் எடுத்துவிடுங்கள்.

சுட்ட மிருகத்தைப் பாடம் செய்து வைத்திருந்தால் அது எந்த மிருகம் என்ற சண்டையே இல்லையே?
(வாசகர், தஞ்சாவூர்)

ஆந்துவானின் ஓநாய்க்கு அது நடந்தது. பாடம் செய்து வெர்சாய் அரண்மனையில் நிறுத்தினார்கள். ஷாஸ்தெல் சுட்டதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோட்டையில் பல நாள் காட்சிக்கு வைத்தார்கள். சனம் வந்து பார்த்துக்கொண்டே இருந்தது. தோலை உடனே உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உப்பிட்டு உலர்த்தியிருந்தால் நின்றிருக்கும். குடலை எடுத்துவிட்டு உள்ளே வைக்கோலைத் திணித்ததோடு விட்டார்கள். சதை உள்ளேயே இருந்தது. பிறகு கோடை வெயிலில் வண்டியேற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது நாற்றம் தாங்கவில்லை, புதைத்துவிட்டார்கள்.